இழை: ஸ்கோப், இன்க்ளூட், ஆட்டோலோட் மூன்றும் வியாழனுக்குள் தமிழில் வேண்டும்

நாமக்கல் ஆசிரியை, திங்கள் இரவு 9.40

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சின்ன உதவி. இந்தக் கலைச்சொல் குழுவில் பத்து வருடம் இருந்துவிட்டும் சின்னது என்று எழுதுகிறேன், பாருங்கள்.

சனிக்கிழமைகளில் தமிழ்வழியில் படித்து வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிஎச்பி என்ற நிரல்மொழி சொல்லித் தருகிறேன். அடுத்த பாடத்துக்கான குறிப்பு வியாழன் மாலை ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும்.

போன வாரம் ஒரு மாணவி, மின்சாமான் கடைக்கு ரசீது போடும் நிரல் எழுதி வந்தாள். 'ரசீது' என்ற வகுப்பு (கிளாஸ்) தனிக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பின் தலையில், வகுப்புக்கு வெளியே, $வரி = 18; என்று ஒரு மாறி எழுதியிருக்கிறாள். கணக்குப் போடும் செயற்கூறு (ஃபங்ஷன்), குளோபல் போட்டு, அதாவது வெளியே உள்ள பொது மாறி வேண்டும் என்று கேட்டு, அந்த $வரியை எடுத்துக்கொள்கிறது. முதன்மைக் கோப்பில் அந்தக் கோப்பை நேரே ரிக்வயர் செய்து, அதாவது உள்ளே கொண்டுவந்து, வைத்திருந்தவரை 1000 ரூபாய்ச் சரக்குக்கு 1180 என்று ரசீது வந்தது. வேண்டிய வகுப்பின் கோப்பைத் தேவைப்படும்போது கொண்டுவரும் ஆட்டோலோட் இருக்கும்போது இது எதற்கு என்று நான் சொன்னதைக் கேட்டு ரிக்வயரை எடுத்தாள். ரசீது 1000 என்று வந்தது. ஒரு எச்சரிக்கை கூட இல்லை. "டீச்சர், வகுப்பு வந்துருச்சு, வரி எங்க போச்சு?" என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். தமிழில் சொல்லப் போனால்தான் நாக்கு புரளவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஸ்கோப்புக்கு, அதாவது ஒரு மாறி செல்லுபடியாகும் பரப்புக்கு, வரையெல்லை என்று படித்து வந்திருக்கிறார்கள். ரிக்வயர் போலவே இன்னொரு கோப்பைக் கொண்டுவரும் இன்க்ளூடுக்கும், ஆட்டோலோடுக்கும் என்ன எழுதட்டும்?

கோவை நிரலர், திங்கள் இரவு 10.15

டீச்சர், சொல்லைப் பிறகு பார்ப்போம். விஷயம் இதுதான். இன்க்ளூட் ஆகும் கோப்பு விருந்தாளி மாதிரி. எந்த வீட்டில் போய் இறங்குகிறதோ அந்த வீட்டுச் சோறுதான். முதன்மைக் கோப்பில் இறங்கினால் $வரி முற்றத்தில் இருக்கும், எல்லோரும் குளோபல் போட்டு எடுக்கலாம். ஆட்டோலோடில் ரிக்வயர் நடப்பது, வகுப்புக் கோப்பைக் கொண்டுவரும் ஏற்றிச் செயற்கூறின் உள்ளே. அதனால் $வரி அந்தச் செயற்கூறின் சொந்த மாறியாகப் பிறந்து, அது முடிந்ததும் அங்கேயே செத்துப்போகிறது. வகுப்பும் செயற்கூறும் அப்படியில்லை. எந்த வீட்டில் பிறந்தாலும் ஊர்ப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும்.

எச்சரிக்கை ஏன் வரவில்லை என்றால், இல்லாத பெயரைக் குளோபல் போட்டுக் கேட்டால் பிஎச்பி கோபித்துக்கொள்ளாது. வெறுமையாக ஒன்றைத் தானே உண்டாக்கிக் கொடுத்துவிடும். கணக்கில் வெறுமை என்றால் சுழியம். 1000-த்தோடு சுழியம் சேர்ந்து 1000.

மாணவியிடம் 18-ஐ வகுப்புக்குள் மாறிலியாக வைக்கச் சொல்லுங்கள். கலைச்சொல்லுக்கு என் ஓட்டு: ஸ்கோப், இன்க்ளூட், ஆட்டோலோட் என்றே தமிழெழுத்தில் எழுதிவிடுங்கள். நாளைக்கு வேலைக்குப் போனால் இதைத்தான் கேட்பார்கள்.

தஞ்சாவூர்ப் பேராசிரியர், செவ்வாய் காலை 5.50

தம்பி கோவை, விருந்தாளி உவமை நன்று. ஆனால் விருந்து என்றாலே புதுமை என்றுதானே பொருள்? வந்த விருந்தாளிக்குப் பழஞ்சோறு போடுகிறாயே.

ஸ்கோப் என்பதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. குறி, இலக்கு, குறி பார்ப்பவன் என்றெல்லாம் பொருள். டெலஸ்கோப்பில் இருப்பதும் அதுவே. ஆக, அடிப்படை 'பார்வை'. நம்மிடம் நோக்கு என்ற சொல் செய்யுள் உறுப்பாகவே தொல்காப்பியத்தில் இருக்கிறது. ஆகவே நோக்கெல்லை. ஒரு மாறி எதுவரை கண்ணுக்குப் படுகிறதோ அதுவரை.

இன்க்ளூட் என்பதற்கு கொண்டுகூட்டு. பொருள்கோள் எட்டில் ஒன்று. எங்கோ கிடக்கும் சொல்லைக் கொண்டுவந்து வேண்டிய இடத்தில் கூட்டிப் பொருள் கொள்வது. இதைவிடப் பொருத்தமாக இனி ஒருவர் பிறந்து வந்துதான் சொல் செய்ய வேண்டும்.

ஆட்டோலோடுக்கு நன்னூலிலேயே விடை இருக்கிறது. சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடரும் நிலை நான்கு: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. நிரல் வரிவரியாக ஓடுவது ஆற்றொழுக்கு. குளோபல் என்று இடையில் உள்ளதைத் தாண்டிக் குதிப்பது தவளைப் பாய்த்து. வகுப்பின் பெயர் தேவைப்பட்ட கணத்தில் மேலிருந்து இறங்கி அதைக் கவ்வி வருவது பருந்து வீழ்வு.

மாணவியின் மாறிப் பெயர் 'வரி' என்பதும் தற்செயல் அல்ல. வரி என்றால் கோடு. கோடு கிழித்துப் பிரித்த நிலத்துக்குக் கொடுப்பதும் வரி. வரி, வரை, வரம்பு, வரைவு எல்லாம் ஒரு குடும்பம். அவள் எல்லைக்கு உள்ளேயே எல்லையைத் தேடியிருக்கிறாள்.

கோவை நிரலர், செவ்வாய் காலை 8.05

ஐயா, பருந்து பிரமாதம். "மரணப் பிழை: பருந்து வீழ்வில் ரசீது கிடைக்கவில்லை" என்று திரையில் வந்தால் எங்கள் அலுவலகத்தில் கால்நடைத் துறைக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

யாழ்ப்பாணம், செவ்வாய் முற்பகல் 11.30

எல்லோருக்கும் வணக்கம். வரையெல்லை பற்றி ஒரு சொல்.

வரை என்றாலும் எல்லை, எல்லை என்றாலும் எல்லை. பேராசிரியர் ஐயாவுக்கு நான் இலக்கணம் சொல்லத் தேவையில்லை, இது ஒருபொருட்பன்மொழி. மீமிசை ஞாயிறு பாட்டுக்கு அழகு. பாடப்புத்தகத்துக்கு எதற்கு இரண்டு எல்லை? எங்கள் பக்கத்தில் வயலைப் பிரிக்கும் மேட்டுக்கு இன்றைக்கும் வரம்பு என்றுதான் பெயர். நீங்கள் வரப்பு என்பீர்கள். வரம்பு போதும். மாறி வரம்புக்கு உள்ளே, வரம்புக்கு வெளியே. தோட்டத்துக்குள் நின்ற பிள்ளைக்குக்கூட விளங்கும்.

தஞ்சாவூர்ப் பேராசிரியர், செவ்வாய் பகல் 2.10

ஒருபொருட்பன்மொழி அன்று. வினைத்தொகை. வரைந்த எல்லை, வரைகின்ற எல்லை, வரையும் எல்லை. காலம் கரந்து நிற்கிறது. எவரோ யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

கோவை நிரலர், செவ்வாய் பகல் 2.40

ஐயா, விளையாட்டாகச் சொல்லப் போய் நீங்கள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். அந்தக் காலம்தான் இங்கே பிரச்சினையே.

பைத்தான் மொழியில் எழுதும்போதே எல்லை வரைந்தாகிவிட்டது. வரைந்த எல்லை. பிஎச்பியிலும் செயற்கூறுக்குள் அப்படித்தான். ஆனால் இன்க்ளூட் செய்த கோப்பின் மேல்மட்ட மாறிகளுக்கு, நிரல் ஓடும்போது எந்த இடத்திலிருந்து கூப்பிட்டோமோ அதை வைத்துத்தான் எல்லை. வரைகின்ற எல்லை. கோப்பை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு $வரி யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது பைத்தான். அங்கே செயற்கூறு தனக்குள் இல்லாத பெயரை வெளியே எட்டிப் பார்த்துத் தேடும். பிஎச்பியில் சாதாரணச் செயற்கூறு எட்டிப் பார்க்காது. குளோபல் என்று கேட்டால்தான் கிடைக்கும். பிஎச்பி 7.4-இல் வந்த அம்புச் செயற்கூறு மட்டும் வெளியே இருப்பதைத் தானே எடுத்துக்கொள்ளும். எனவே வரையெல்லை என்ற பழகிய சொல்லோடு பழைய பழக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். டீச்சர் அதற்கு ஒரு பத்தி எழுதியாக வேண்டும், எந்தச் சொல்லை வைத்தாலும்.

சென்னை மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் மாலை 6.20

இருபது வருடமாக மென்பொருள் இடைமுகங்களைத் தமிழாக்குகிறேன். என் கவலை ஒன்றுதான்: ஒரு சொல் இரண்டு இடத்தில் வந்து முட்டக் கூடாது.

எல்லை என்று மட்டும் வைத்தால் கணக்குப் பாடத்து எல்லையோடு முட்டும். வீச்சு என்றால் வீச்சகத்தோடு முட்டும். களம் தரவுத்தளத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நோக்கெல்லையைப் பார்த்ததும் பாதிப் பேர் 'நோக்கம்' என்று படிப்பார்கள். இன்க்ளூடுக்கு உள்ளிடு என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள், அது விசைப்பலகையில் தட்டுவது. இணை என்றால் கோப்பு இணைப்பு, சுட்டி இணைப்பு, இணையம் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. உட்கொள் என்று ஒரு முறை ஒருவர் அனுப்பினார். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று திருப்பிக் கேட்டேன்.

கொண்டுகூட்டு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பட்டியலில் போட்டால் வாடிக்கையாளர் அடித்துவிடுவார். சேர் என்ற இரண்டெழுத்துக்கு என்ன குறை?

கோவை நிரலர், செவ்வாய் இரவு 9.15

சேர் சரி. ஆனால் இன்க்ளூட், ரிக்வயர், ஒவ்வொன்றுக்கும் ஒன்ஸ் என்று நான்கு இருக்கின்றன. கோப்பு இல்லாவிட்டால் இன்க்ளூட் முணுமுணுத்துவிட்டு மேலே போகும், ரிக்வயர் அங்கேயே படுத்துவிடும். ரிக்வயர் ஒன்ஸில் இரண்டாம் தடவை கேட்டால் கோப்பு திரும்ப ஓடாது, வெறுமனே 'மெய்' (ட்ரூ) என்று பதில் வரும். அமைப்புகளை ரிடர்ன் செய்யும் கோப்பை இப்படி இரண்டு தடவை கேட்டு, அணிக்கு (அர்ரே) பதில் மெய்யைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் பூராவும் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

நாமக்கல் ஆசிரியை, புதன் காலை 7.00

நன்றி. சேர், கட்டாயச்சேர், ஒருமுறை சேர் என்று எழுதிக்கொண்டேன். ஆட்டோலோட்?

யாழ்ப்பாணம், புதன் காலை 9.20

பதிவேற்றம், பதிவிறக்கம் இரண்டும் ஊன்றிவிட்டன. அந்த ஏற்றத்தையே வைத்துத் தானேற்றம்.

தஞ்சாவூர்ப் பேராசிரியர், புதன் காலை 9.45

தன் + ஏற்றம். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். தன்னேற்றம். தானேற்றம் என்றால் ஏதோ கோயிலுக்குத் தானம் ஏற்றுவது போல் இருக்கிறது. ஏற்றம் என்றதும் எனக்கு எங்கள் ஊர்க் கிணற்று ஏற்றம்தான் கண்ணில் வருகிறது. மேலே ஒருவர் மிதிப்பார், கீழே ஒருவர் சால் என்ற வாளியைப் பிடித்துக் கவிழ்ப்பார், வாயில் எண்ணிக்கைப் பாட்டு. தானாக எதுவும் ஏறியதில்லை. எனவே 'தன்' என்பதே பொருந்தாது. பருந்தே மேல்.

கோவை நிரலர், புதன் காலை 10.30

ஐயா சொல்வது தொழில்நுட்பப்படியும் சரி. தானாக எதுவும் ஏறுவதில்லை. தெரியாத வகுப்புப் பெயரைப் பார்த்ததும் பிஎச்பி ஏற்றியைக் கூப்பிடுகிறது. அவ்வளவுதான். 2004-இல் பிஎச்பி 5 வந்தபோது இதற்கென ஒரே ஒரு செயற்கூறுப் பெயர்தான். இரண்டு நிரல் நூலகங்கள் ஆளுக்கொன்று எழுதினால் சண்டை. 5.1-இல் ஏற்றிகளை வரிசையாகப் பதியும் வழி வந்தது. பழைய முறையை 7.2-இல் வேண்டாம் என்றார்கள், 8.0-இல் எடுத்தே விட்டார்கள். இப்போது கம்போசர் என்ற கருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அதன் ஏற்றிக் கோப்பைத் திறந்து பாருங்கள், இன்க்ளூட் செய்யும் ஒற்றை வரியை மட்டும் தனியே ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஏற்றியின் உள் விவகாரம் சேர்க்கப்படும் கோப்பின் கண்ணில் படக் கூடாதாம். நம் மாணவியின் சிக்கலுக்கு மறுபக்கம்.

ஆக, அழைப்பேற்றம்?

சென்னை மொழிபெயர்ப்பாளர், புதன் பகல் 12.00

அழைப்பு என்றால் தொலைபேசி. வேண்டாம்.

தஞ்சாவூர்ப் பேராசிரியர், புதன் பகல் 12.20

வேண்டுழியேற்றம்.

சென்னை மொழிபெயர்ப்பாளர், புதன் பகல் 12.25

ஐயா.

நாமக்கல் ஆசிரியை, புதன் இரவு 8.50

இன்று மாலை நான்கு பிள்ளைகளை வீட்டுக்கு வரச்சொல்லி எல்லாச் சொல்லையும் போட்டுப் பார்த்தேன். வரம்பு என்றதும் புரிந்தது, ஆனால் "புக்ல வரையெல்லைனு இருக்கே, ரெண்டும் வேறயா?" என்று கேட்டார்கள். நோக்கெல்லையை ஒருவரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. தன்னேற்றம் உடனே பிடித்தது.

பருந்தைக் கதையாகச் சொன்னேன். ரசீது எழுதிய பெண், "அப்போ பருந்து குஞ்சை மட்டும் தூக்கிட்டு வந்துச்சு, கூடைக்குள்ள இருந்த வரியை விட்டுட்டு வந்துருச்சா டீச்சர்?" என்றாள். இரண்டு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த விளக்கம் அது. பேராசிரியர் ஐயாவுக்கு நன்றி.

மட்டுறுத்துநர், வியாழன் காலை 8.00

ஓட்டு விவரம்: ஸ்கோப்புக்கு வரையெல்லை 4, வரம்பு 2, நோக்கெல்லை 1. இன்க்ளூடுக்குச் சேர் 5, கொண்டுகூட்டு 2. ஆட்டோலோடுக்குத் தன்னேற்றம் 3, தானேற்றம் 1, பருந்து வீழ்வு 1, அப்படியே விடு 2. கணினியா கணிப்பொறியா என்று அடித்துக்கொண்ட காலத்திலிருந்து பார்க்கிறேன், ஏழு ஓட்டு விழுந்ததே அதிசயம். இழையை மாலை பூட்டுகிறேன்.

யாழ்ப்பாணம், வியாழன் காலை 9.10

தோற்றதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு மறுப்பு பதிவாகட்டும். வரைந்துவிட்ட எல்லை என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, அந்த எல்லை கூப்பிட்ட இடத்தைப் பொறுத்து நகரும் என்று அடுத்த வரியில் சொல்லப் போகிறோம். வரம்பை வெட்டி மறுபடி போடலாம். வரைந்ததை என்ன செய்வது?

நாமக்கல் ஆசிரியை, வியாழன் மாலை 5.35

ஜெராக்ஸ் கடையிலிருந்து எழுதுகிறேன். வரையெல்லை, சேர், தன்னேற்றம் என்று போட்டு, பக்கத்தில் வழக்குச் சொல்லையும் தமிழெழுத்தில் கொடுத்துவிட்டேன். வரம்பு வெட்டுவது பற்றி அடிக்குறிப்பு ஒன்று சேர்த்திருக்கிறேன். அச்சில் பார்த்த பிறகுதான் கவனித்தேன்: கிளாஸுக்குப் பாடநூலில் இனக்குழு என்று இருக்கிறது, நான் வகுப்பு என்றே எழுதியிருக்கிறேன். எதை வைப்பது?

மட்டுறுத்துநர், வியாழன் மாலை 5.50

தனி இழை. அடுத்த வாரம்.