கத்தி உறையில் கரும்புள்ளிகள், கத்தியில் துரு: அவசர உதவி தேவை

கொய்யாத்தோப்பு | செவ்வாய், இரவு 10.52

வணக்கம். நான் செய்த முதல் உறை கெட்டுவிட்டது. தோலை நனைத்து, கத்தியை உள்ளே வைத்து வடிவம் பிடித்துக் காயவைத்தேன். இன்று உருவினால் வரவே இல்லை. பலம்கொண்டு இழுத்தபோது அலகு முழுவதும் செந்துரு. உறையின் உள்பக்கம் கறுத்திருக்கிறது, வெளியே எள்ளைத் தூவியது போலப் புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மணிவிழா. தாத்தாவின் கத்தியை உறையோடு அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக உழைக்கிறேன். புள்ளிகளை எப்படி எடுப்பது? வேறு உறை செய்யத் தோல் மிச்சமில்லை. விரைந்து சொல்லுங்கள்.

மெழுகுநூல் | செவ்வாய், இரவு 11.10

என்ன தோல்? எத்தனை மில்லிமீட்டர்? கத்தி சாதா இரும்பா, துருப்பிடிக்காத எஃகா? எவ்வளவு நேரம் ஈரத்தோலுக்குள் இருந்தது? பிளாஸ்டிக் தாள் சுற்றினீர்களா? படம் போடுங்கள். இவை தெரியாமல் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

நீலவிளிம்பு | செவ்வாய், இரவு 11.31

இதில் ஊகிக்க ஒன்றுமில்லை. குரோம் உப்பில் பதனிட்ட தோலைத் தலையில் கட்டியிருப்பார்கள். கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அதுதான், அந்த உப்பு இரும்பைத் தின்னும். சோதிப்பது எளிது. நறுக்கு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம், உள்வரை பழுப்பாக இருந்தால் மரப்பட்டையில் பதனிட்ட பட்டைத்தோல். சாயம் ஏறி நிறம் தெரியாவிட்டால் கொதிநீரில் போடுங்கள். பட்டைத்தோல் சுருண்டு இறுகும், குரோம் தோல் பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

உளிமுனை | புதன், காலை 6.05

எட்டு ஆண்டுகளாக இதையே எழுதிக் கொண்டிருக்கிறேன். ஈரத்தோலில் இரும்பை வைக்காதீர்கள் என்பது முதல் பாடம். பழைய இழைகளைப் படித்துவிட்டுத் தோலை வெட்டியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. படிக்க நேரமில்லாதவர்களுக்குத் தைக்க மட்டும் எப்படி நேரம் கிடைக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை. நீலவிளிம்பு அவர்களே, குரோம் தோல் நனைத்துப் பிடித்தால் வடிவம் நிற்காது, காய்ந்ததும் தொளதொளவென்று ஆகிவிடும். இவர் கத்தி இறுகிவிட்டது என்கிறார். ஆகவே அது பட்டைத்தோல்.

கொய்யாத்தோப்பு | புதன், காலை 7.40

மன்னிக்க வேண்டும், அலுவலகம் கிளம்புகிறேன். பெரியமேட்டில் வாங்கிய எருமைத்தோல், 3 மி.மீ. வெட்டிய விளிம்பு முழுவதும் பழுப்பு. கத்தி லாரி வில்பட்டையில் கொல்லர் அடித்தது. இரண்டு இரவுகள் உள்ளே இருந்தது. தாள் எதுவும் சுற்றவில்லை, சுற்ற வேண்டும் என்று தெரியாது. படம் இணைத்துள்ளேன்.

கடுக்காய் | புதன், காலை 9.15

அப்படியானால் உள்ளே இருக்கும் கறுப்பு அழுக்கோ பூஞ்சையோ அல்ல, சாயம். மரப்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பாகும். கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காய்ப் பாலில் நனைத்து, வெல்லத்தோடு இரும்பை ஊறவைத்த நீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே வேதியியல்தான். வில்பட்டையில் கரிமம் ஏறக்குறைய 0.6 சதவீதம் இருக்கும். துருவைத் தடுக்கும் அளவுக்கு அதில் குரோமியம் கிடையாது. இரண்டு இரவு ஈரத்தில் கிடந்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு ஒத்துங்கள், தேய்க்காதீர்கள். சில நிமிடங்களில் கறுப்பு வெளிறும். பிறகு சுத்தமான நீரில் இரண்டு மூன்று முறை துடைத்து நிழலில் காயவையுங்கள். புளிப்பு உள்ளே தங்கினால் கத்தி மறுபடி துருப்பிடிக்கும். முதலில் நறுக்கில் செய்து பாருங்கள்.

எனக்குப் புரியாதது வெளிப்புள்ளிகள். கத்தி அங்கே படவே இல்லையே.

ஊற்றுநீர் | புதன், காலை 10.02

ஆழ்துளைக் கிணற்று நீர்! எங்கள் பகுதியில் அந்த நீரை வாளியில் விட்டு வைத்தால் மறுநாள் அடியில் செம்மண் நிறத்தில் படியும், அவ்வளவு இரும்பு. அதில் நனைத்த பட்டைத்தோல் ஒருமுறைகூட எனக்கு வெளுப்பாக வந்ததில்லை. மழைநீர் பிடித்து வைத்துத்தான் இப்போது வேலை செய்கிறேன்.

மெழுகுநூல் | புதன், காலை 10.20

நீரில் இரும்பு இருந்தால் தோல் மொத்தமாகச் சாம்பல் பூக்கும். படத்தில் இருப்பவை ஊசி முனை அளவுப் புள்ளிகள், ஒரு பக்கத்தில் அடர்த்தி, மறுபக்கத்தில் ஐந்தாறு மட்டும். தோலின் மேல் ஏதோ விழுந்திருக்கிறது. தம்பி, அந்த மேசையில் வேறு என்ன வேலை செய்தீர்கள்?

விளக்கெண்ணெய் | புதன், பகல் 12.45

கறை போனதும் உறைக்கு எண்ணெய் கொடுக்க மறக்காதீர்கள். சூடு ஆறிய விளக்கெண்ணெய் மெல்லிய பூச்சு, இரண்டு முறை. தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

ஊற்றுநீர் | புதன், பகல் 1.05

ஏன் வேண்டாம்? என் தகப்பனார் மாட்டு வண்டித் தோல் வார்களுக்கு வாழ்நாள் முழுவதும் தேங்காய் எண்ணெய்தான் தடவினார். வெடிப்பு விட்டதே இல்லை.

விளக்கெண்ணெய் | புதன், பகல் 1.20

வார் வளைய வேண்டும், உறை விறைப்பாக நிற்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேகமாக உள்ளிறங்கித் தோலைத் துவளச் செய்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே உறையவும் செய்யும், மார்கழிக் காலையில் பாருங்கள்.

ஊற்றுநீர் | புதன், பகல் 1.32

அளவாகத் தடவினால் எதுவும் துவளாது. விளக்கெண்ணெய் பிசுபிசுப்பில் தூசு முழுவதும் ஒட்டும். கத்தியில் ஒட்டிய மண்ணும் உள்ளேயே தங்கி, உருவும்போதெல்லாம் அலகைக் கீறும்.

பனைநிழல் | புதன், பகல் 2.10

இரண்டு எண்ணெயும் அழுத்தமாகச் சொல்லப்படுகின்றன, ஆனால் கத்தியை யாரும் நினைக்கவில்லை. தோல் உறை கத்தியை எடுத்துச் செல்லத்தான், வைத்துப் பூட்ட அல்ல. எங்கள் பக்கத்துப் பனையேறிகளின் அருவாள்பெட்டியில் காற்று புகும். மரத்திலிருந்து இறங்கியதும் அருவாளைத் துடைத்து வெளியே வைப்பார்கள். அப்பாவிடம் உறையைக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.

உளிமுனை | புதன், மாலை 5.50

எண்ணெய்ச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தை ஒருவர்கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. இரண்டு தோலும் விளிம்பில் நேராக ஒட்டித் தைக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் இடைப்பட்டி, அதாவது கூரிலிருந்து நூலைக் காக்கும் தோல்பட்டை, எங்கே? அலகின் கூர் நேரே நூலின் மேல் உட்காருகிறது. பத்து நாள் உருவிச் செருகினால் நூல் அறும், விளிம்பு பிளக்கும், அங்கே அப்பாவின் விரல்கள் இருக்கும். கறை அழகுக் குறை மட்டுமே. இது ஆபத்து. இடைப்பட்டி இல்லாமல் அந்த உறையைக் கொடுக்காதீர்கள்.

மெழுகுநூல் | புதன், மாலை 6.15

உளிமுனை அண்ணா சொல்வது முற்றிலும் சரி, நான் கவனிக்கவில்லை. தம்பி, பயப்பட வேண்டாம், புதுத்தோல் தேவையில்லை. தையலைப் பிரியுங்கள். நறுக்குகளில் 10 மி.மீ. அகலத்தில் பட்டிகள் வெட்டி, கூர் இருக்கும் பக்கத்தில் நடுவே ஒட்டுங்கள். துண்டு துண்டாக இருந்தாலும் இடைவெளி இல்லாமல் சேர்ந்தால் போதும். பழைய துளைகள் வழியே இரண்டு ஊசியால், இரு பக்கமிருந்தும் ஒரே துளையில் நூல் போகுமாறு தையுங்கள். ஓர் இழை அறுந்தாலும் மற்றொன்று பிடித்து நிற்கும். பட்டியின் கனத்தால் உள்ளே இடமும் கூடும், அந்த இறுக்கமும் தளரும்.

பிறகு கத்தியைத் துருநீக்கி, எண்ணெய் தடவி, சமையலறைப் பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்று சுற்றிய பின்பே ஈரத்தோலுக்குள் விடுங்கள். விரலால் அழுத்தி வடிவம் பிடித்ததும் சில மணி நேரத்தில் கத்தியை எடுத்துவிடலாம். வெயில் வேண்டாம், கொதிநீரும் வேண்டாம். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொய்யாத்தோப்பு | புதன், இரவு 11.48

அதே மேசையில்தான் தோல் வெட்டுவதற்கு முன் கத்தியை அரம் போட்டுத் தீட்டினேன். துணியால் துடைத்திருந்தேன், அதனால் சொல்லத் தோன்றவில்லை.

கடுக்காய் | வியாழன், காலை 6.30

அதுதான். அரத்தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு புள்ளி. காந்தத்தைத் தாளில் சுற்றி மேசை மேல் நகர்த்திப் பாருங்கள், துணிக்குத் தப்பியது அத்தனையும் ஏறும். உறையின் மேலும் அப்படியே நகர்த்தி எடுத்த பிறகே எலுமிச்சை. துகள் தோலில் இருக்கும்வரை நனைக்கும்போதெல்லாம் கறுக்கும்.

ஊற்றுநீர் | வியாழன், காலை 7.15

நீரையும் சோதித்துவிடுங்கள். இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கலாம்.

கொய்யாத்தோப்பு | சனி, இரவு 9.26

ஊரிலிருந்து எழுதுகிறேன். காந்தத்தில் மீசை போலத் தூள் ஒட்டியது. வெளிப்புள்ளிகள் பெரும்பாலும் போய்விட்டன, மூன்று மட்டும் மங்கலாக இருக்கின்றன. உள்கறுப்பை விட்டுவிட்டேன். இடைப்பட்டி வைத்துத் தைத்தாயிற்று, கத்தி சரியாக உட்காருகிறது. உளிமுனை ஐயாவுக்கும் மெழுகுநூல் அண்ணாவுக்கும் கடுக்காய் அவர்களுக்கும் மிக்க நன்றி. விருந்தினர்கள் வந்துவிட்டார்கள்.

விளக்கெண்ணெய் | சனி, இரவு 9.40

மகிழ்ச்சி. எந்த எண்ணெய் கொடுத்தீர்கள்?

ஊற்றுநீர் | ஞாயிறு, காலை 8.05

நானும் அதைத்தான் கேட்க வந்தேன்.

மெழுகுநூல் | செவ்வாய், மாலை 7.30

தம்பி, விழா நன்றாக நடந்ததா? தைத்த விளிம்பை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பட்டி எங்கேயாவது விலகியிருந்தால் இப்போதே சரிசெய்துவிடலாம்.