உதவி: கடைத் தண்ணியை வாய்க்காலில விடக்கூடாதாம், என்ன செய்யிறது?

சந்திக்கடை
அவசரம். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கடிதம் தந்திட்டுப் போயிட்டார். குசினித் தண்ணியை றோட்டு வாய்க்காலுக்க விடக்கூடாதாம். எங்கட வரிசையில எல்லாரும் விடுகினம். பைப்பும் அடிக்கடி அடைக்குது. வேற எங்க விடுறது? தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

வடலி
எந்த இடம்? மாநகரசபையோ பிரதேச சபையோ? என்ன கடை? தவணை எத்தினை நாள்? கிணறு இருக்கோ? இதெல்லாம் தெரியாமல் ஒண்டும் சொல்லேலாது தம்பி.

பனங்கூடல்
அடைப்புக்கு கோஸ்டிக் சோடாதான். கரைச்சு ஊத்திப்போட்டு சுடுதண்ணி விடுங்கோ, அடுத்த நிமிசம் தண்ணி ஓடும். எங்கட கடையில அப்பிடித்தான்.

கேணியடி
பனங்கூடல் அண்ணை, அது அடைப்பைத் தள்ளிவிடுறதுதான். சூட்டில உருகின கொழுப்பு கொஞ்சத் தூரம் போய்க் குளிர்ந்து திரும்பக் கட்டிபடும், அடைப்பு உங்கட பைப்பில இருந்து வாய்க்காலுக்கு மாறும். சோடா கையையும் எரிக்கும். அதே தண்ணி மலகூடக் குழிக்குப் போனா அங்க கழிவை உக்க வைக்கிற கிருமியளும் செத்துப்போம்.

நீரோட்டம்
இதை முந்தியும் விளக்கமா எழுதியிருக்கிறன். தேடி வாசிக்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. பரவாயில்லை, திரும்பவும் சொல்லுறன், கவனமா வாசியுங்கோ.

றோட்டு வாய்க்கால் மழைத்தண்ணிக்கு வெட்டினது. அது கழிவுநீர்க் குழாய் இல்லை. கொழும்பில வெள்ளைக்காரர் காலத்துக் குழாய்த் தொகுதி இருக்கு, அந்தத் தண்ணி வெள்ளவத்தையிலயும் முகத்துவாரத்திலயும் கடலுக்குள்ள போகுது. அப்பிடிப்பட்ட குழாய்க்குள்ளயே எண்ணெய், பெற்றோல், அமிலம், கொதிதண்ணி, சாம்பல், கந்தல் துணி விடேலாது. குழாய் அடைக்கும், அரிக்கும், உள்ளுக்க இறங்கி வேலை செய்யிறவன்ர உயிருக்கும் ஆபத்து. யாழ்ப்பாணத்தில வீட்டு வீடா வாற கழிவுநீர்க் குழாய் இல்லை. எங்கட வாய்க்கால் போய் முடியிறது குளத்தில, இல்லாட்டி கடனீரேரியில. போற வழியில ஒரு பங்கு நிலத்துக்க இறங்கும். கீழ வெடிப்பும் குகையுமா சுண்ணாம்புக்கல்லு, அதுக்க நிக்கிற நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது. அதைத்தான் கிணத்தில அள்ளுறம்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கு. அதுக்குக் கீழ 2008 பெப்ரவரி 1 இல வந்த 1534/18 வர்த்தமானியை எடுத்துப் பாருங்கோ. குளம், ஆறு மாதிரி நீர்நிலையளுக்கு விடுற கழிவுத்தண்ணியில பீ.ஓ.டி. (அழுக்கை உக்க வைக்கக் கிருமியள் இழுக்கிற ஒட்சிசன்ர அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, எண்ணெயும் கொழுப்பும் 10. சோறு வடிச்ச கஞ்சி அந்த 30ஐ எத்தினையோ மடங்கு தாண்டும். எல்லாரும் விடுகினம் எண்டது பதில் இல்லை.

சந்திக்கடை
பரமேஸ்வராச் சந்திப் பக்கம். மத்தியானம் சோறு, பின்னேரம் கொத்தும் றோலும். கம்பஸ் பிள்ளையள்தான் கூட வாறது. 14 நாள் தவணை. கிணறு இருக்கு. மலகூடக் குழி ஒண்டு பின்னுக்கு இருக்கு, அதுக்க விடட்டோ?

கேணியடி
விடாதேங்கோ! எண்ணெய் போனா குழியைச் சுத்தியிருக்கிற மண்ணில படிஞ்சு ஊறலை நிப்பாட்டும். பிறகு குழி மேவி வரும். குழியை உறிஞ்சி எடுக்கிற கலி பவுசருக்குக் காசு குடுத்தே களைச்சுப்போவியள். குழிக்கும் கிணத்துக்கும் 50 அடி இருக்கோ?

நீரோட்டம்
50 அடி எண்டது சாதாரண மண்ணுக்குச் சரிவரும். மண் வடிகட்டும், கல்லு வெடிப்பு வடிகட்டாது. இதைக்கூட நான்தான் சொல்லவேண்டியிருக்கு.

ஈஸ்ற்ஹாம் அக்கா
தம்பி, இங்க லண்டனில 2017 இல வைற்சப்பலில நிலத்துக்குக் கீழ 250 மீற்றர் நீளத்தில கொழுப்புக்கட்டி ஒண்டு பிடிச்சது, 130 தொன். எல்லாம் கடையளும் வீடுகளும் ஊத்தின எண்ணெயும், கழுவி விட்ட ஈரத்துடைப்பானுகளும். இங்க 1991ஆம் ஆண்டு நீர்த்தொழில் சட்டத்தின்ர 111ஆம் பிரிவில குழாய்க்குத் தடங்கல் குடுக்கிற பொருள், 110 பாகைக்கு மேல சுடுற தண்ணி (பரனைற்று, எங்கட செல்சியஸ் கணக்கில 43), பெற்றோல், கல்சியம் காபைட்டு எல்லாம் தடை. உங்கயும் இறுக்கமாப் பிடிச்சாத்தான் சனம் திருந்தும்.

பனங்கூடல்
அக்கா, அங்க விடக் குழாய் இருக்கு, அதால விடாதை எண்டுறாங்கள். இங்க குழாயே இல்லை. கடைக்காரன் தண்ணியைத் தலையில சுமந்துகொண்டு போறதோ? இப்ப தாளையடியில இருந்து கடல்தண்ணி சுத்திகரிச்சு வருது, இனிக் கிணத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

கேணியடி
அந்தத் தண்ணி எல்லா வீட்டுக்கும் இன்னும் வரேல்லை அண்ணை. வந்தாலும் ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் எண்டுதான் 2024 இல திறந்தவை. குளிச்சு, கழுவி முடிஞ்ச பிறகு அவ்வளவும் எங்க போகும்? அதே குழி, அதே கல்லு. வாற தண்ணி கூடினா போற தண்ணியும் கூடும். கிணத்துத் தண்ணி குடிக்கிற வீடுகளுக்கு அது இன்னும் மோசம்.

செம்மண்
கிணத்தில நைத்திரேற்று கூடினது தோட்டத்து உரத்தால. கடைக்காரரை ஏன் பிடிக்கிறியள்?

கேணியடி
உரமும்தான், மலகூடக் குழியும்தான். டவுனுக்க ஆர் வெங்காயம் நடுகினம்? குடிதண்ணிக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் எண்டது உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை. அதைத் தாண்டின தண்ணியில பால்மா கரைச்சுக் குடுத்தா கைக்குழந்தையின்ர இரத்தம் ஒட்சிசனைக் காவேலாமல் போகலாம். காய்ச்சினாலும் நைத்திரேற்று போகாது.

செம்மண்
தோட்டக்காரனில பழியைப் போடுறது உங்களுக்கு லேசு.

வடலி
உரக்கதையை வேற இழையில கதையுங்கோ. அந்தத் தம்பிக்கு 14 நாள்தான் இருக்கு.

சந்திக்கடை, பரமேஸ்வராச் சந்தி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில, அப்ப உங்களுக்கு நல்லூர் பிரதேச சபை. முதல் வேலை, தவணை முடிய முன்னம் எழுத்தில பதில் குடுங்கோ, என்ன கட்டப்போறியள் எண்டு ஒரு படமும் கீறி வையுங்கோ. பீ.எச்.ஐ.யைக் கூப்பிட்டுக் காட்டிப்போட்டுக் கட்டினா இடிச்சுக் கட்டுற செலவு வராது. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேணுமோ எண்டும் சபையிலயே கேளுங்கோ, சின்னத் தொழிலுகளுக்கு அவைதான் குடுக்கிறவை.

கட்டவேண்டியது கொழுப்புப் பொறி. மூண்டு அறைத் தொட்டி. தண்ணி அதுக்க அரை மணித்தியாலமாவது நிக்கவேணும், அப்பத்தான் ஆறி எண்ணெய் மேல வரும். நிமிசத்துக்கு 10 லீற்றர் விடுற ரெண்டு பைப் ஒரே நேரம் திறந்திருந்தா அரை மணிக்கு 600 லீற்றர், தொட்டி அதுக்குக் குறையக்கூடாது. வெளியால போற பைப் 'ட' மாதிரி வளைஞ்சு கீழ்ப்பக்கத்துத் தண்ணியை எடுக்கவேணும். மேல இருந்து எடுத்தா எண்ணெயும் சேர்ந்து போம். மூடி லேசாத் தூக்கக்கூடியதா இருக்கட்டும், தூக்கக் கஷ்டமெண்டா ஒருத்தரும் துப்புரவாக்க மாட்டினம். மேல படியிறதைக் கிழமைக்கொருக்கா வழிச்சு எடுங்கோ. சுடுதண்ணியை நேர உள்ளுக்க விடாதேங்கோ.

தொட்டிக்கு முதல் செய்யிறதுதான் பெரிய வேலை. கொத்துக்கல்லையும் சட்டியையும் கழுவ முன்னம் பழைய பேப்பரால துடையுங்கோ. பழைய எண்ணெயை கானில சேருங்கோ. வடிகஞ்சியை மாடு வைச்சிருக்கிற ஆருக்கும் குடுங்கோ, காலமை வந்து எடுப்பினம். சிங்குக்குச் சல்லடை போடுங்கோ. இவ்வளவும் செய்தா பொறிக்குப் பிறகு வாற தண்ணிக்குத் தனி ஊறல் குழியோ வாழைப்பாத்தியோ காணும். அதை எங்க வெட்டுறது எண்டதுக்குத்தான் கிணறு எங்க இருக்கு எண்டு கேட்டனான். பக்கத்து வளவுக் கிணத்தையும் பாருங்கோ.

நீரோட்டம்
வடலி சொன்னது சரி. வாழைப்பாத்திக்குப் போற தண்ணியில சவர்க்காரம் கூடினா மண் இறுகும், அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சந்திக்கடை
கடிதம் குடுத்திட்டன், இன்னும் ரெண்டு கிழமை தந்திருக்கினம். மேசன் நாளைக்கு வாறார். எல்லாருக்கும் நன்றி.

வடலி
நல்லது தம்பி. மேசன் வெட்டத் தொடங்க முன்னம் ரெண்டு கிணத்துக்கும் தூரத்தை அளந்து இங்க போடுங்கோ.