‘வெண்பனிப் போர்வை’ என்று எழுதியது தப்பா?

கோத்தகிரிக்காரி:
வணக்கம். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். “சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது” என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். ‘வெண்பனிப் போர்வை போர்த்திய மலை, பச்சைக் கம்பளமாய்த் தேயிலை’ என்று தொடங்கியிருந்தேன். எழுத்துப்பிழை கிடையாது, அண்ணன் மூன்று முறை பார்த்தான். ஆனால் அவனே நாலாவது பத்தியில் கொட்டாவி விட்டான். படிக்கிறவர் பாதியில் வைத்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

குன்னூர் டீமேக்கர்:
அம்மா, நான் எழுத்தாளன் இல்லை. 31 வருஷம் டீ ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவன். கொழுந்து மூட்டைக்குள் கையை விட்டதுமே தெரிந்துவிடும், இரண்டு இலை ஒரு மொட்டா, முற்றிய இலையா என்று. உங்கள் முதல் வரி முற்றிய இலை.

அந்தப் ‘போர்வை’யையே எடுத்துக்கொள்ளுங்கள். உறைபனி விழுந்த காலையில் உங்கள் வீட்டில் யாராவது அதைப் போர்வை என்றார்களா? மேகமில்லாமல், காற்று அசையாமல் இருக்கிற ராத்திரியில்தான் பள்ளத்தில் பனி உறையும். அதன்மேல் வெயில் பட்டால் கொழுந்து கருகிவிடும் என்று விடியுமுன்னே தண்ணீர் அடிக்க ஓடுவோம். இளஞ்செடி என்றால் முந்தின சாயங்காலமே பெரணித் தழையை வெட்டி மூடி வைப்போம். இவ்வளவு ஓட்டத்தையும் விட்டுவிட்டு நீங்கள் போர்வையை எழுதியிருக்கிறீர்கள்! உங்கள் அம்மா அன்றைக்கு என்ன சொன்னார், எந்தப் பக்கம் முதலில் ஓடினார் என்று கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. நான் எதையும் எழுதுமுன் பேத்தியிடம் வாயால் சொல்வேன், போனில் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். அவள் “அப்புறம்?” என்று கேட்ட இடம் இருக்கும். எழுந்து போன இடத்தை வெட்டிவிடுவேன். எட்டு வயசு, தாத்தா என்ற இரக்கமே கிடையாது.

மலைரயில் பைத்தியம்:
டீமேக்கர் சார் சொல்வது சரி, ஆனால் வீட்டுக் கதை மட்டும் போதாது. சமவெளியில் இருந்து படிக்கிறவருக்குத் தகவலும் வேண்டும். எவ்வளவு என்பதில்தான் சிக்கல். நான் முதலில் எங்கள் நீலகிரி மலைரயிலைப் பற்றி எழுதியபோது 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 2005இல் யுனெஸ்கோ பட்டியல் என்று மூட்டையாகக் கொட்டினேன். என் மனைவியே முடிக்கவில்லை.

இரண்டாம் முறை எழுதியபோது, மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறும்போது நீராவி எஞ்சின் இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும் என்பதையும், பெட்டிக்குப் பெட்டி முன்திட்டில் ஒருவர் கொடியோடு பிரேக்கைப் பிடித்தபடி வருவதையும் வைத்துக்கொண்டேன். எண்ணில் 16 மட்டும் மிஞ்சியது, அத்தனை குகையிலும் அந்த மனிதர் வெளியில்தானே இருக்கிறார்.

கோத்தகிரிக்காரி:
இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவிடம் நேற்று ராத்திரி கேட்டேன். “தேயிலைக்கு எங்கே போனேன்? முதலில் மாட்டுக்குச் சாக்கு போர்த்தப் போனேன்” என்கிறார். இருபது வருஷம் அதே வீட்டில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. கம்பளத்தை எடுத்துவிட்டேன். இப்போது கட்டுரை மாட்டுக் கொட்டகையில் தொடங்குகிறது.

குன்னூர் டீமேக்கர்:
மாட்டுக்குப் பேர் உண்டா?