தவிட்டுப்பழ இலை டெஸ்ட்ல ரீடிங் தலைகீழா வருது, ஹெல்ப் ப்ளீஸ்

குன்னூர்குளிர்: எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு கோத்தகிரி பக்கம் தவிட்டுப்பழ இலை பறிச்சு மெத்தனால்ல ஊறப்போட்டு டிபிபிஎச் (ஊதா சாயத்தை வச்சு ஆன்டிஆக்சிடன்ட் சக்தி பாக்கற டெஸ்ட்) பண்றேன். அஸ்கார்பிக் ஆசிட் ட்யூப்ல ஊதா போய் அழகா மஞ்சளாகுது, 517 நானோமீட்டர் ஒளில ரீடிங்கும் எறங்குது, ஆனா என் எக்ஸ்ட்ராக்ட் அளவு கூட்ட கூட்ட எறங்கி எறங்கி கடைசில திரும்ப ஏறுது. இந்த மூடுபனில இலை காயவே பத்து நாளாச்சு. அடுத்து கேன்சர் செல்லுல போடணும்னு கைடு சொல்றாரு.

பச்சிலை: கரும்பச்சையா இருக்குமே? அந்த கலரும் சேந்துதான் மெஷின்ல விழுது. ஒவ்வொரு அளவுக்கும் டிபிபிஎச் போடாம எக்ஸ்ட்ராக்ட்டும் மெத்தனாலும் மட்டும் வச்சு ப்ளாங்க் எடுத்து கழிங்க. 30 நிமிஷம் இருட்டுல வச்சீங்கல்ல?

ஊட்டிக்காரன்: பத்து நாளா!! பூசணம் பாத்தீங்களா? அந்த இலைக்கு அடில தானாவே வெள்ளையா ரோமம் இருக்கும், அதனால பூசணம் வந்தாலும் கண்ணுக்கு தெரியாது, மோந்து பாருங்க. அடுத்த தடவை 40 டிகிரி ஓவன்ல வச்சிருங்க.

லேப்வாசி: அடுத்து எம்டிடி (மஞ்சள் சாயத்தை உசுருள்ள செல் ஊதா ஆக்குதான்னு பாக்கற டெஸ்ட்) பண்றப்போ உஷார். ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருந்தா செல் இல்லாமலே அந்த மஞ்சள் சாயம் ஊதா ஆயிடும், செத்த செல்லும் உசுரோட இருக்கற மாதிரி காட்டும். ப்ளேட்ல செல் போடாத கிணறும் (குழி) வைங்க. எம்சிஎஃப்-7 (மார்பக கேன்சர் செல்) கூட வீரோ (குரங்கு கிட்னி செல்) மாதிரி கேன்சர் இல்லாத சாதா செல்லும் கட்டாயம், சோப்புத்தண்ணி ஊத்துனாலும் கேன்சர் செல் சாகத்தான் செய்யும்.

குன்னூர்குளிர்: மோந்து பாத்தேன். போச்சு, மறுபடி கோத்தகிரி பஸ்தான்.