மானாவாரி நெல்லுக்கு நகையை வைத்து போர்வெல் போடலாமா?

தொண்டிக்காரன்:
திருவாடானை பக்கம், கடலில் இருந்து ரொம்பத் தள்ளி இல்லை. மூன்று ஏக்கர், அதில் இரண்டு ஏக்கர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுக்கும் குத்தகைக்கு, எடுத்தது. ஆவணிக் கடைசியில் புழுதியில் விதைக்கிறோம், புரட்டாசியில் ஒரு மழை பெய்து முளைத்துவிடுகிறது, அப்புறம் வாரக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கணும், கண்மாய்க்கு அதுக்குள்ள தண்ணீர் வந்திருக்காது. போன வருடம் பயிர் கருகி மறுவிதைப்பு, விதையும் உழவும் இரட்டைச் செலவு. அம்மா நகையை வைத்து போர் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா. சரியா?

கரிசல்:
வேண்டாம் தம்பி. நம்ம கடலோரத்தில் போர் முதலில் நல்ல தண்ணீர் கொடுக்கும், இழுக்க இழுக்க உப்பு ஏறும், அதைப் பாய்ச்சினால் வயலும் கெடும். பக்கத்து போர் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள், நிறைய செலவில்லை. வறட்சி வந்தால் பயிர் போகும், அடுத்த வருடம் மீண்டுவிடலாம். நகைக்கடன் வட்டி மழை பெய்தாலும் ஓடும்.

விதைப்பெட்டி:
பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் வந்த அண்ணா 4 நெல் ரகம் போட்டுப் பார்த்தீர்களா? நூறு நாள் சொச்சத்தில் அறுவடை, வறட்சியையும் ஓரளவு தாங்கும். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து விதையை இரவு முழுக்க ஊறவைத்து, நிழலில் பழைய ஈரத்துக்குக் காயவைத்து விதையுங்கள். முளைத்த பின் வரும் இடைவெளியில் அது கொஞ்சம் பிடித்து நிற்கும். மழையே இல்லை என்றால் எந்த ரகமும் நிற்காது, அது வேறு.

தொண்டிக்காரன்:
பயிர் இன்சூரன்ஸ் போடுவதும் போடாததும் ஒன்றுதான் என்கிறார்களே அண்ணே?

கரிசல்:
அப்படிச் சொல்ல முடியாது. நெல்லுக்கு ராபி பருவத்தில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், மிச்சத்தை அரசுகள் கட்டுகின்றன. ஆனால் கணக்கு உங்கள் வயலுக்கு இல்லை, ஊர் முழுக்க. ஊரில் சில வயல்களை அறுத்து அளக்கும் அறுவடைப் பரிசோதனையில் சராசரி மகசூல் குறைந்தால்தான் பணம், உங்கள் மேட்டு வயல் மட்டும் காய்ந்தால் ஒன்றும் வராது. வாரத்து நிலம்தான் சிக்கல். அடங்கலில், அதாவது யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கில், சாகுபடி உங்கள் பெயரில் ஏறாமல் இருந்தால் நட்டம் உங்களுக்கு, இழப்பீடு பட்டாக்காரருக்கு. எங்கள் ஊரில் இதே கதை நடந்து, பங்காளிகள் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

மேலக்கண்மாய்:
பண்ணைக்குட்டை வெட்டுங்களேன்? இடைவெளியில் ஒரு தடவை நனைத்தாலே பயிர் பிழைக்கும்.

விதைப்பெட்டி:
குட்டை நிறைய முதலில் நல்ல மழை வேண்டுமே, புரட்டாசித் தூறல் அதுக்குப் போதாது. மார்கழி, தையில் கதிர் வரும்போது வேண்டுமானால் கைகொடுக்கும். அதோடு வாரத்து நிலத்தில் வெட்ட எந்த முதலாளி விடுவார்? தொண்டிக்காரனுடைய சொந்த ஒரு ஏக்கரில் வெட்டினால் சாகுபடிப் பரப்பு குறையும். அதுக்குப் பதில் கண்மாய் வரத்துக்காலில் கிடக்கும் சீமைக்கருவேலத்தை ஊர்கூடி வெட்டினால் எல்லாருக்கும் தண்ணீர் முன்னாடியே வரும்.

தொண்டிக்காரன்:
சரி, போரை விட்டுவிடச் சொல்லிப் பார்க்கிறேன். பட்டாக்காரர் சென்னையில், அடங்கல் விஷயத்தை அவரிடம் எப்படி ஆரம்பிப்பது?

கரிசல்:
விதைப்புக்கு முன்னாடியே கேளுங்கள். பயிர் காய்ந்த பிறகு கேட்டால் இழப்பீட்டுக்கு அலைகிறீர்கள் என்றுதான் நினைப்பார்.