குவான்சௌவில் சிவன் கோயில் சிற்பங்கள், அப்புறம் அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு

தாமரைக்கொடி:
நவம்பரில் அம்மாவோடு சீனாவில் சியாமென் போகிறேன். பக்கத்து ஊரான குவான்சௌவில் 13-ஆம் நூற்றாண்டில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலின் கற்கள் இருக்கின்றன என்று படித்ததிலிருந்து அம்மாவுக்கு அதே பேச்சு. ஒரு நாள் போதுமா? நான் கடலில் கிடைக்கும் எதையும் சாப்பிடுவேன், அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசித்துப் பார்க்க ரொம்ப ஆசை. அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். மூன்று நாளும் ரொட்டியும் பழமும் கொடுத்துச் சமாளிக்க மனசு வரவில்லை.

கரைவலை:
ஒரு நாள் போதாது, இரண்டு இரவு தங்குங்கள். முதலில் டிக்கெட் விஷயம்: குவாங்சௌ வேறு, குவான்சௌ வேறு, எழுத்தைப் பார்த்து எடுங்கள். சியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

686-இல் தொடங்கிய கையுவான் புத்தர் கோயிலுக்குத்தான் முதலில் போக வேண்டும். வருகிறவர்கள் இரண்டு கல் கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். அங்கே இரண்டு தூண்களில் நரசிம்மரும், உரலை இழுத்துக்கொண்டு மருத மரங்களுக்கு நடுவே போகும் கண்ணனும் இருக்கிறார்கள். இடிந்துபோன பழைய கோயிலின் கற்களை இந்த மண்டபத்தில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். நான் அந்தத் தூணுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன், கண் கலங்கிவிட்டது. அதே வளாகத்தில் 1974-இல் கடலோரச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த, சோங் அரச வம்சக் காலத்துக் கப்பலும் இருக்கிறது, மிளகும் வாசனை மரங்களும் ஏற்றி வந்த கப்பல் அது.

கடல்சார் அருங்காட்சியகத்தில் யானை லிங்கத்துக்குப் பூ வைக்கும் சிற்பத்தைத் தவற விடாதீர்கள், அம்மாவுக்குத் திருவானைக்கா ஞாபகம் வரும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், திங்கட்கிழமை வேண்டாம்.

புளிச்சாறு:
சாப்பாட்டுக்கு நான். காலையில் மேற்குத் தெருப் பக்கம் போய் மியென்சியன்ஹூ சாப்பிடுங்கள். நம் சேமியாவைவிட மெலிதான கோதுமை நூலைக் கூழ் பதத்துக்குக் குழையவிட்டது, சிப்பி, பன்றிக்குடல், வாத்து ரத்தக்கட்டி என்று எதிரே வைத்திருப்பதை விரலால் காட்டினால் அதைப் போட்டுத் தருவார்கள், கூடவே எண்ணெயில் பொரித்த நீள மாவுக்குச்சியைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அந்தச் சூட்டில் மிளகு தூவிச் சாப்பிடும்போது வேறு எதுவும் வேண்டாம் என்று இருக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் சிப்பி போட்டுச் சுடும் முட்டை அடை, இஞ்சி போட்டு மண்சட்டியில் வேகவைத்த வாத்து, இரண்டும் கட்டாயம். தூசுன்தோங் என்று கண்ணாடி மாதிரி ஒரு கட்டி வரும், அது கடல்மண்ணில் வாழும் புழுவை வேகவைத்து உறைய விட்டது, தெரிந்துகொண்டே சாப்பிடுங்கள். எனக்கு அதன் பூண்டுச் சாறு பிடித்தது.

அம்மாவுக்கு மதியத்தில் ஷிஹுவாகாவ் வாங்கிக் கொடுங்கள், கடற்பாசியைக் காய்ச்சி உறையவைத்துத் தேன் ஊற்றித் தருவது.

பச்சைப்பயறு:
என் மாமியாரும் சைவம்தான், அதனால் சொல்கிறேன். காய் மட்டும் என்று கேட்டாலும் பன்றிக்கொழுப்பிலோ எலும்புச் சாற்றிலோ சமைத்துவிடுவார்கள், மியென்சியன்ஹூவின் சாறும் அப்படித்தான். "இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு, விலங்குக் கொழுப்பு எதுவும் சேர்க்கக் கூடாது" என்று முழுவதும் சீன எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம், அதுவும் உதவும்.

சியாமெனில் நான்புதுவோ புத்தர் கோயிலில் சைவ உணவகம் இருக்கிறது, மாமியார் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். அதை ஒட்டித்தான் சியாமென் பல்கலைக்கழகம். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அன்று சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் உடல்நலத்துக்காகத் திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்த செய்தி சொல்லும் கல், அங்கே மானிடவியல் அருங்காட்சியகத்தில்தான் வைத்திருக்கிறார்கள். குவான்சௌவில் தேடி ஏமாறாதீர்கள். வளாகத்துக்குள் போக முன்பதிவு கேட்பார்கள், கிளம்பும் முன்பே விசாரியுங்கள்.

தாமரைக்கொடி:
அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், கல்வெட்டை முதல் நாளே பார்க்க வேண்டுமாம். பணம் எப்படிக் கொடுப்பது?

கரைவலை:
சின்னக் கடையில்கூட எல்லாம் க்யூஆர்தான். இங்கேயே அலிபே என்ற சீனப் பணச் செயலியில் உங்கள் கார்டை இணைத்துவிட்டுக் கிளம்புங்கள், கொஞ்சம் யுவான் நோட்டும் கையில் இருக்கட்டும்.