புதுப்பிப்பு: ஈழத்தலரி இலையடியில் ஆரஞ்சுத் தூள், துரு நோய்தான்

இலையின் மேலே மஞ்சள் புள்ளி, அடியில் ஆரஞ்சுத் தூள். துரு என்ற பூஞ்சை நோயா, சிவப்புச் சிலந்தியா என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. செலோடேப் யோசனைதான் கைகொடுத்தது. இலையடியில் டேப்பை ஒற்றியெடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்த கண்ணாடித் தகட்டில் ஒட்டி 400 மடங்கில் பார்த்தால், சொரசொரப்பான மஞ்சள் பூஞ்சை வித்துகள்; சில இன்னும் சங்கிலியாகக் கோத்தபடியே. ஈழத்தலரியில் துரு வரவைக்கும் கோலியோஸ்போரியம் புளூமேரியே என்ற பூஞ்சைதான் இது. பக்சினியா என்ற வேறு துருப் பூஞ்சையின் துருத்தூள் வித்துகள் இப்படிக் கோத்து நிற்காது, தனித்தனிக் காம்பில் இருக்கும்.

எதிர்பாராதது, தூளுக்குள் நெளிந்த பொடி ஆரஞ்சுப் புழுக்கள். மைக்கோடிப்ளோசிஸ் ஈயின் புழு இது. துரு வித்தைத்தான் தின்னும், இலையைத் தொடாது. இதற்காகப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

நோயிலை, சருகு எல்லாம் அகற்றி, நனையும் கந்தகம் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், இலையடி நனைய, வெயில் தணிந்தபின் 10 நாள் இடைவெளியில் இருமுறை தெளித்தாயிற்று. பழைய புள்ளி மறையாது. புதுத் தளிர் சுத்தமாக வருகிறது.